தவக்கால மறைக்கல்வி: சிறுவர்களுக்குத் தியாகத்தைக் கற்றுக்கொடுக்கும் முறை

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முன்பு கத்தோலிக்கர் தவமும் செபமுமாகக் கடைப்பிடிக்கும் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, “இந்த நாற்பது நாளும் எதை விட்டுவிடப் போகிறீர்கள்?” என்று கேட்பது பல மறைக்கல்வி (ஆலயச் சமயக் கல்வி) வகுப்புகளில் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளும் சாக்லேட், ஐஸ்கிரீம், செல்போன் விளையாட்டு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இரண்டாம் வாரத்துக்குள் மறந்துவிடுகிறார்கள். மறந்ததற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் கேட்ட கேள்வியில் இழப்பு மட்டுமே இருக்கிறது, அதைப் பெற்றுக்கொள்ளும் ஆள் இல்லை. யாருக்காக என்று தெரியாமல் ஒன்றை விட்டுவிடுவது ஆறு வயதுப் பிள்ளைக்குத் தண்டனையாகத்தான் தோன்றும். ஆகவே சிறுவர்களிடம் தியாகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, “எதை” என்ற கேள்விக்கு முன்னால் “யாருக்கு” என்ற கேள்வியை வைக்க வேண்டும். வகுப்பின் வரிசை, கதைகளின் தேர்வு, வீட்டில் செய்யச் சொல்லும் பயிற்சி, உண்டியல் ஆகிய எல்லாவற்றையும் அந்தக் கேள்வியை வைத்தே தீர்மானிக்கலாம்.

திருச்சபையின் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1252-ஆம் எண், இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கும், நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 60-ஆம் வயது தொடங்கும் வரை உள்ளவர்களுக்கும் உரியது என்கிறது. அதே சட்டம், வயதின் காரணமாக இக்கடமைகளுக்கு உட்படாத சிறுவர்களுக்கும் தவத்தின் உண்மையான பொருளைப் புரியவைக்கும் பொறுப்பை மேய்ப்பர்களிடமும் பெற்றோரிடமும் ஒப்படைக்கிறது. அதாவது, நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எதையும் கட்டாயமாக விட வேண்டியதில்லை. பொருளைப் புரிந்துகொண்டால் போதும். இதைப் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில், “சிஸ்டர் சொன்னார்கள், நீ முட்டை சாப்பிடக் கூடாது” என்று பிள்ளையை மிரட்டும் வீடுகளும் இருக்கின்றன.

முதல் வகுப்பு: பெற்றுக்கொண்டதிலிருந்து தொடங்குதல்

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறே முதல் வகுப்பை வைத்துக்கொள்வது வசதியானது. அன்று தியாகம் என்று கரும்பலகையில் எழுதவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, “உனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக யாராவது தனக்கு வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்திருக்கிறாயா?” என்று கேளுங்கள். முதலில் ஒருவரும் பேசமாட்டார்கள். மீன் குழம்பு வைத்த அன்று நடுத்துண்டு யாருடைய தட்டில் விழுகிறது, தலையும் வாலும் யாருடைய தட்டுக்குப் போகின்றன என்று ஒரு எடுத்துக்காட்டைச் சொன்னால் போதும், கைகள் உயரத் தொடங்கும். கிறிஸ்துமஸுக்கு அப்பா மட்டும் புதுச்சட்டை எடுக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லும்; பேருந்தில் தன்னை உட்காரவைத்துவிட்டு ஆச்சி நின்றுகொண்டே வந்தார் என்று இன்னொன்று சொல்லும்; அண்ணன் தன் பழைய வண்ணப் பென்சில்களில் நல்லவற்றைத் தந்துவிட்டான் என்பதும் வரும். பேசுவதற்குக் கூச்சப்படும் பிள்ளைகளை வற்புறுத்தாமல், படம் வரையச் சொல்லலாம்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. “அம்மா உனக்காக என்ன செய்தார்?” என்று கேட்காதீர்கள்; அம்மா இல்லாத பிள்ளையும், விடுதியில் வளரும் பிள்ளையும் வகுப்பில் இருக்கக்கூடும். “உன்னைப் பார்த்துக்கொள்பவர்” என்று கேட்டால் எல்லோருக்கும் பதில் உண்டு. அடுத்ததாக, பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுவிட்டு, “பார்த்தாயா, உனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள், நீ சொல்பேச்சு கேட்கிறாயா?” என்று முடித்துவிடக் கூடாது. இந்த வசனத்தை அவர்கள் வீட்டில் திட்டு வாங்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறார்கள். பெற்ற அன்பைக் கடனாக மாற்றிவிட்டால், அடுத்த ஆறு வாரங்களிலும் நாம் சொல்லப்போகிற எல்லாமே கடனடைக்கும் பேச்சாகத்தான் அவர்கள் காதில் விழும். நன்றி சொல்லி ஒரு சிறு செபத்தோடு வகுப்பை முடித்து, வீட்டுக்குப் போய், “எனக்காக நீங்கள் எதையாவது விட்டிருக்கிறீர்களா?” என்று பெரியவர் ஒருவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

எந்தக் கதையை எந்த வயதுக்குச் சொல்வது

சிறு பிள்ளைகளுக்கு நற்செய்தியில் மிகப் பொருத்தமான பகுதி, யோவான் 6-ஆம் அதிகாரத்தில் வரும் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் வைத்திருந்த சிறுவனைப் பற்றியது. அந்த உணவைக் கொண்டு இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளித்த இந்த நிகழ்ச்சியை நான்கு நற்செய்திகளும் சொன்னாலும், சிறுவன் இருந்ததைச் சொல்வது யோவான் மட்டுமே. அவனுக்குப் பெயர் இல்லை, அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. இயேசுவின் சீடர் அந்திரேயா அவனைச் சுட்டிக்காட்டி, இத்தனை பேருக்கு இது எப்படிப் போதும் என்று கேட்பதோடு அவன் கதையிலிருந்து மறைந்துவிடுகிறான். நற்செய்தி சொல்லாமல் விட்ட இடம்தான் வகுப்புக்குக் கிடைத்த இடம். ஒரு டிபன் பாக்ஸில் ஐந்து சிறிய சப்பாத்திகளையும், காகிதத்தில் வெட்டிய இரண்டு மீன்களையும் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஒரு பிள்ளையைச் சிறுவனாக நிறுத்தி, பெட்டியை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். “மதியம் ஆகிவிட்டது, உனக்கும் பசிக்கிறது, அந்திரேயா மாமா வந்து கேட்கிறார். நீ என்ன நினைப்பாய்?” என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும் வரை காத்திருங்கள். “பாதி தருவேன்” என்பது பல நேரங்களில் வரும் பதில். அதைத் திருத்தாதீர்கள்; அது நேர்மையான பதில், அந்தப் பாதியும் அவனுக்கு உண்மையான இழப்பு.

கதையின் முடிவில் பிள்ளைகள் கவனிக்காமல் விடும் ஒன்றை நீங்கள் எடுத்துக்காட்ட வேண்டும். எல்லோரும் வேண்டிய மட்டும் உண்டார்கள், மீதி பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்று யோவான் எழுதுகிறார். எல்லோரும் என்றால் அந்தச் சிறுவனும் அதில் ஒருவன்தானே! கொடுத்தவன் பட்டினியாக வீடு திரும்பவில்லை என்று தெரியும்போது பிள்ளைகளின் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைப் பார்க்கலாம். ஆனால் இதையே, “கொடுத்தால் கடவுள் பன்னிரண்டு மடங்காகத் திருப்பித் தருவார்” என்று வாக்குறுதியாக மாற்றிவிடாதீர்கள். அப்படிக் கற்ற பிள்ளை அடுத்த வாரமே தன் பென்சில் திரும்பி வரவில்லையே என்று கேட்கும். அதன் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

கதையைச் சொன்ன பின் ஒரு சிறு பகிர்வையும் செய்து பார்க்கலாம். வகுப்பில் பாதிப் பேருக்கு மட்டும் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் இருந்து பாருங்கள். மிட்டாய் கிடைத்த பிள்ளை முதலில் அதை மடியில் மறைக்கும். பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கும். பிறகு மெல்ல உடைக்கும், அது ஒருபோதும் சரிபாதியாக உடையாது. இரண்டு துண்டுகளையும் கண்ணால் அளந்து, எந்தத் துண்டைக் கொடுப்பது என்று கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் நாம் வகுப்பில் பேச வேண்டும். பெரிய துண்டைக் கொடுத்தவரைப் பாராட்டியோ சிறிய துண்டைக் கொடுத்தவரைச் சுட்டியோ பேசாமல், “உடைக்கும்போது உள்ளுக்குள் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். கடைசியில் எல்லோருக்கும் மிட்டாய் கிடைத்துவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கோவிலில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை (மாற்கு 12:41-44) இரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் முதல் சொல்லத்தக்கது. ஓர் எவர்சில்வர் தட்டில் முதலில் கைநிறையச் சில்லறையைக் கொட்டிவிட்டு, அதன்பின் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டுக் காட்டினால், சத்தத்தின் வேறுபாடே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். ஆனால், இருப்பதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று ஏழைகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையாக இதைத் திருப்பக் கூடாது. இதற்கு முந்தைய வசனத்தில்தான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அந்தப் பெண்ணை ஒருவரும் கவனிக்காத இடத்தில் இயேசு கவனித்தார் என்பதே பிள்ளைகள் எடுத்துச்செல்ல வேண்டிய செய்தி என்பது புரியும்.

கடவுள் கேட்டதால் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடச் சென்ற நிகழ்ச்சியை (தொடக்கநூல் 22) எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தியாகம் என்றதும் பல பாடக் குறிப்புகள் இந்தக் கதைக்குத்தான் முதலில் போகின்றன. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அந்தக் கதையில் ஆபிரகாமின் இடத்தில் நிற்பதில்லை, ஈசாக்கின் இடத்தில் நிற்கிறது. அப்பாவின் கையில் இருக்கும் கத்தியைத்தான் அது பார்க்கிறது. “எங்கள் அப்பாவிடமும் கடவுள் கேட்பாரா?” என்ற கேள்வி வகுப்பில் வராவிட்டாலும் இரவில் படுக்கையில் வரும். நான்காம் வகுப்பினருக்குச் சொல்லும்போது, பையன்மேல் கை வைக்காதே என்ற குரலையே கதையின் உச்சமாக வைத்துச் சொல்லுங்கள். அக்காலத்தில் பிள்ளைகளைப் பலியிடும் வழக்கம் சுற்றுப்புற மக்களிடையே இருந்தது. அதைத் தாம் கட்டளையிட்டதும் இல்லை, நினைத்ததும் இல்லை என்று எரேமியா 7:31-இல் ஆண்டவர் சொல்வதையும் சேர்த்துச் சொன்னால், கடவுள் எப்படிப்பட்டவர் என்பது குழப்பமின்றி விளங்கும்.

சிலுவையைப் பற்றிப் பேசாமல் தவக்காலத்தைக் கடக்க முடியாது. இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியைக் காட்டும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் பிள்ளைகள் ஆலயச் சுவரில் பார்க்கிறார்கள், வெள்ளிக்கிழமைகளில் பெரியவர்களோடு முழங்காலிடுகிறார்கள். ஆணி, முள்முடி, இரத்தம் என்று காயங்களை விரித்துச் சொல்லி அழவைப்பது பக்தி ஆகாது. சிறியவர்களிடம், வெரோனிக்கா முகம் துடைத்தது, சீமோன் சிலுவையைத் தாங்கியது, தாய் மரியா வழியில் நின்றது ஆகிய மூன்று நிலைகளை மட்டும் எடுத்து, துன்பத்தில் இருந்தவர் அருகே யார் வந்தார்கள் என்று பேசலாம். “நான் பொய் சொன்னதால்தான் இயேசுவை அறைந்தார்களா?” என்று ஒரு பிள்ளை கேட்கும். ஆமாம் என்று சொல்லி அந்தச் சுமையை அதன் தலையில் ஏற்றிவிடாதீர்கள். தம் உயிரை யாரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாக இயேசு சொன்னதை (யோவான் 10:18) எடுத்துச் சொல்லி, அவர் நம்மேல் கொண்ட அன்பினால் கொடுத்தார் என்று முதலில் நிலைநிறுத்துங்கள். பாவத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு தன் இடத்துக்கு வரும்.

புனிதர்களின் வரலாற்றிலும் அதே அளவுகோல்தான். குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் நம் பிள்ளைகளுக்கு மிக அருகில் இருப்பவர். அவர் பட்ட சித்திரவதைகளை விவரிப்பதைவிட, சாதி வேறுபாடு பாராமல் எல்லோரையும் சமமாக நடத்தினார் என்பதையும், அதற்காக அரண்மனைப் பதவியும் மதிப்பும் போனாலும் பின்வாங்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். தன் பள்ளியில் ஒருவரும் பக்கத்தில் உட்காராத பிள்ளை யார் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதன் அருகே போய் உட்கார்ந்தால் தன் நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும்.

வீட்டில் செய்யும் பயிற்சி

பயிற்சியை நாற்பது நாளுக்கும் ஒரே மூச்சில் கொடுக்காமல், வாரத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். சிறுவர்களுக்கு ஒரு வாரமே நீண்ட காலம். செயலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும், அதனால் நன்மை பெறுகிற ஒருவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஜன்னலோர இருக்கையைத் தங்கைக்கு விட்டுக்கொடுப்பது, ஊஞ்சலில் தன் முறையை ஒரு தடவை மற்றவருக்குத் தருவது, கார்ட்டூன் நேரத்தில் கால் மணி நேரத்தைத் தாத்தாவோடு பேசிக் கழிப்பது, சண்டை போட்ட நண்பனிடம் முதலில் போய்ப் பேசுவது ஆகியவை இந்த வயதுக்கு ஏற்றவை. கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினமானது என்பது பிள்ளைகளே ஒப்புக்கொள்ளும் உண்மை.

உணவைத் தவிர்க்கும் பயிற்சியை இந்த வயதில் கொடுக்க வேண்டாம். வளரும் உடல் என்பது ஒரு காரணம். பள்ளியில் தரும் காலை உணவையும் மதிய உணவையும் நம்பியிருக்கும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். எப்போதாவது கிடைக்கும் ஒரு மிட்டாயை விடச் சொன்னால், வசதியுள்ள பிள்ளை பத்தில் ஒன்றை விடுகிறது, இல்லாத பிள்ளை இருந்த ஒன்றையும் விடுகிறது. நேரம், இடம், முறை, பேச்சு ஆகியவற்றைக் கொடுப்பதில் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. உடலை வருத்தும் முயற்சிகளும் அப்படியே விலக்கத்தக்கவை. போர்ச்சுகலின் பாத்திமாவில் மரியன்னையின் காட்சி கண்ட சிறுவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டதைக் கேட்டுப் பின்பற்ற நினைக்கும் பிள்ளைகள் உண்டு. 1917 செப்டம்பரில் தோன்றிய அன்னை, அந்தக் கயிற்றோடு தூங்குவதைக் கடவுள் விரும்பவில்லை என்று அச்சிறுவர்களிடம் சொன்னதாக அவர்களில் ஒருவரான லூசியா எழுதியிருப்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வகுப்புச் சுவரில் அட்டவணை மாட்டி, தியாகம் செய்தவர் பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒட்டும் பழக்கத்தை நிறுத்திவிட வேண்டும். திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தியே (மத்தேயு 6:1-6, 16-18) வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்கிறது. அதைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளையை நான்கு நாள் கழித்து நட்சத்திரத்துக்காகப் போட்டியிடச் சொல்வது முரண்பாடு. மேலும், நட்சத்திரம் வாங்குவதற்காகப் பொய் சொல்லும் வாய்ப்பையும் நாமே உருவாக்குகிறோம். குறித்து வைப்பது தேவை என்றால், பிரான்சின் லிசியே நகரின் புனித தெரேசாவுக்கு அவரது அக்கா செய்துகொடுத்த வழி இருக்கிறது. 1884-இல் தெரேசா புதுநன்மைக்கு (முதன்முறை நற்கருணை பெறுவதற்கு) தயாரித்தபோது, அக்கா பவுலின் ஒரு சிறு நோட்டைச் செய்து தந்தார். தெரேசா தம் சிறு செயல்களை மலர்களாக அதில் குறித்துவந்தார். அந்த மாதிரி ஒரு சிறு நோட்டைப் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுக்கலாம். அதைத் திறந்து பார்க்கும் உரிமை ஆசிரியருக்கும் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சொன்னபடியே இருங்கள்.

எது தியாகம் ஆகாது

இந்தப் பகுதியை எந்த ஆண்டும் தவிர்க்காதீர்கள். விட்டுக்கொடு, பொறுத்துக்கொள் என்று ஆறு வாரம் கேட்ட பிள்ளை, தன்னை ஒருவர் துன்புறுத்தும்போதும் அதைப் பொறுத்துக்கொள்வதே இயேசுவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடக்கூடும். ஆகவே தெளிவாகச் சொல்ல வேண்டும்: உன்னை அடிப்பவரையோ, நீ விரும்பாதபடி உன்னைத் தொடுபவரையோ, யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டுபவரையோ பொறுத்துக்கொள்வது தியாகம் ஆகாது, உடனே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். துன்புறுத்துபவர் உறவினராக இருந்தாலும், ஆசிரியராக இருந்தாலும், ஆலயத்தில் பணிபுரிபவராக இருந்தாலும் இதேதான். சிறுவர் உதவி எண் 1098 என்பதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொன்றும் பேச வேண்டியிருக்கிறது. தம்பிக்குப் பால், தம்பிக்கு முதல் தோசை, தம்பி படிக்கட்டும் நீ பாத்திரம் கழுவு என்று பழக்கப்பட்ட பெண் பிள்ளைக்கு, நம் வகுப்பு அதே பாடத்தைத் திருமறையின் பெயரில் மறுபடியும் சொல்லிவிடக் கூடாது. தானாகக் கொடுப்பதும், கேட்காமலேயே எடுத்துக்கொள்ளப்படுவதும் வேறு வேறு. எனவே, வீட்டு வேலையைப் பயிற்சியாகக் கொடுப்பதானால் ஆண் பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள். அக்காவின் ஒரு வேலையை இந்த வாரம் தம்பி செய்யட்டும்.

உண்டியலும் அதன் கணக்கும்

தவக்கால உண்டியல் நல்ல வழக்கம். ஆனால் பெற்றோரிடம் பத்து ரூபாய் வாங்கி உள்ளே போடுவதாக அது சுருங்கிவிடுகிறது. பிள்ளை தன் கையால் செலவழித்திருக்கக்கூடிய காசு மட்டும் அதில் விழட்டும், ஐம்பது காசானாலும் சரி. காசே இல்லாத பிள்ளை, தான் செய்த செயலை ஒரு சீட்டில் பெயர் எழுதாமல் வரைந்து உள்ளே போடலாம். கிழக்குக் கடற்கரைப் பங்குகளில் (ஆலய வட்டாரங்களில்) உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரலின் பிற்பகுதியில் வரும் ஆண்டுகளில், ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடுவதால் வீடுகளில் பணப்புழக்கம் குறைந்திருக்கும். அத்தகைய ஆண்டுகளில் சீட்டு மட்டும் போதும் என்று எல்லோருக்குமே சொல்லிவிடுங்கள்.

யாருக்காகச் சேர்க்கிறோம் என்பதை முதல் வாரமே பிள்ளைகளோடு கலந்து முடிவுசெய்ய வேண்டும். ஏழைகளுக்கு உதவும் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரையோ அன்பியங்களின் (பங்கின் சிறு குடும்பக் குழுக்களின்) பொறுப்பாளர்களையோ வகுப்புக்கு அழைத்து, என்ன தேவை இருக்கிறது என்று, சம்பந்தப்பட்ட குடும்பத்தின் பெயரைச் சொல்லாமல் விளக்கச் சொல்லலாம். வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் வீடே அந்தக் குடும்பமாக இருக்கக்கூடும் என்பதால் இந்தக் கவனம் கட்டாயம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறன்று எல்லா உண்டியல்களையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி, சீட்டுகளைத் தனியே பிரித்து, மொத்தத் தொகையை மட்டும் பிள்ளைகளையே எண்ணவிடுங்கள். யாருடைய உண்டியலில் எவ்வளவு இருந்தது என்பது ஆசிரியருக்கும் தெரியாமல் இருக்கட்டும். திருப்பலியின் காணிக்கைப் பவனியில் அப்பத்தோடும் இரசத்தோடும் அந்தப் பாத்திரத்தையும் எடுத்துச்செல்ல முடியுமா என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேளுங்கள். நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனும் பீடத்துக்கு வருகின்றன என்று குருவானவர் செபிக்கும்போது, தங்கள் பாத்திரமும் அங்கே இருப்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறும் வகுப்பு உண்டு. பல இடங்களில் அன்று விடுமுறை விட்டுவிடுவதால், சேர்த்த பணம் என்ன ஆயிற்று என்று பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எவ்வளவு சேர்ந்தது, அதில் என்ன வாங்கப்பட்டது, யாருடைய கையில் ஒப்படைக்கப்பட்டது என்ற மூன்றையும் அன்று சொல்லிவிட்டு, வாங்கிய பொருளின் ரசீதையும் வகுப்பில் சுற்றிக் காட்டுங்கள்.